போவா சட்டையில செதில் எண்ண எல்.இ.டி ட்ரேசிங் பேட் - தாராளமா வாங்கலாம்

கீழ இருந்து வெளிச்சம் வர்ற தட்டையான பலகை இது, படம் வரையறவங்களுக்காக விக்கிற சாதனம்தான், ஆனா போவாங்கிற பெரிய பாம்பை வளர்த்து, அது எந்த வகைன்னு செதில் எண்ணிப் பார்க்கிற எல்லாரும் ஒண்ணு வாங்கி வச்சுக்கணும்னு சொல்வேன். போவாவோட முதுகுச் செதில் பொடிப்பொடியா இருக்கும், உரிச்ச சட்டை மேல லைட் அடிச்சா பளபளன்னு மின்னி வரிசையே குழம்பிடும், அதே சட்டையை இந்த பேட் மேல போட்டா வெளிச்சம் கீழ இருந்து வர்றதால ஒவ்வொரு செதிலோட ஓரமும் தனித்தனியா தெரியுது. சூடும் ஆகல, அதனால சட்டை காஞ்சு சுருளல.

சட்டையை லேசா ஈரமாக்கி, வயித்துச் செதில் ஓரமா நீளவாக்குல வெட்டி விரிச்சுக்கோங்க. முதல்ல வயித்துச் செதிலை எண்ணுங்க, மலவாயை மூடியிருக்கிற செதிலைச் சேர்க்கக்கூடாது. மொத்தத்துல பாதி எங்க வருதோ அதுதான் நடு உடம்பு, முதுகு வரிசையை அங்கதான் குறுக்க எண்ணணும். சட்டை இழுபட்டு நீளும், பரவால்ல, செதில் எண்ணிக்கை மாறாது, குட்டியில இருந்ததுதான் பெருசானாலும்.

ஏ4 வேண்டாம், ஏ3 எடுங்க. பெரிய போவா சட்டை 2 மீட்டரைத் தாண்டும், நகர்த்தி நகர்த்திதான் எண்ணணும், பத்துக்கு ஒரு மார்க்கர் புள்ளி வச்சுட்டே போங்க. குறைன்னா, வெளிச்சத்தைக் குறைச்சா போன் போட்டோல பட்டை பட்டையா விழுது, ஃபுல்ல வச்சுதான் எடுக்கணும். ஈரம் உள்ள போகாம இருக்க மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டுடுங்க.

எண்ணி என்ன தெரியும்னா, இம்பரேட்டர்ங்கிற போவா வகைக்கு முதுகு வரிசை 55-79, அமேசான் பக்கத்து கன்ஸ்ட்ரிக்டர் வகைக்கு 81-95, அப்போ 90 வந்தா அது சுத்தமான இம்பரேட்டர் இல்ல. செயின்ட் லூசியா தீவோட ஒரோஃபியாஸ், டொமினிகா தீவோட நெபுலோசா ரெண்டு வகைக்கும் வயித்துச் செதில் 258க்குக் குறையாது, இம்பரேட்டர் 253ஓட நின்னுடும். ஆனா அர்ஜென்டினாவோட ஆக்சிடென்டாலிஸ் முதுகு வரிசை 65-87, இம்பரேட்டர், கன்ஸ்ட்ரிக்டர் ரெண்டோட எண்ணிக்கையோடவும் இடிக்குது, அதோட அது சைட்டிஸ்ங்கிற காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கிற பாம்பு, இதுல தப்பா பேர் வச்சா அனுமதிப் பேப்பர் விஷயத்துல பெரிய சிக்கல். கலப்புக் குட்டியையும் இந்த எண்ணிக்கை காட்டிக் கொடுக்காது. இது எதுவா இருக்க முடியாதுன்னு கழிக்கத்தான் உதவும், பியூர்னு சொல்லி விக்கிறவங்ககிட்ட தாய் தகப்பன் எங்க இருந்து வந்ததுன்னு ரெக்கார்டு கேளுங்க.

குட்டிச் சட்டைக்கு பேட் மட்டும் பத்தாது, கூட ஒரு மேக்ரோ லென்ஸும் வேணும்.