ஈ. கோலை பிளாஸ்டிக்கில் ஒட்டுவது எதனால்: கசையிழையா, பிலியா, கர்லியா?

தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவின் மேற்பரப்புக்குப் பொதுவாக எதிர்மின்னேற்றம் உண்டு. கண்ணாடிக்கும் பல பிளாஸ்டிக்குகளுக்கும் அப்படித்தான். நெருங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதை மீறி, நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா எப்படி ஒட்டுகிறது?

முதலில் கசையிழை, அதாவது பாக்டீரியா நீந்துவதற்காகச் சுழற்றும் வால் போன்ற இழை. 1998இல் பிராட், கோல்ட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிவிசி பிளாஸ்டிக்கில் சோதித்தபோது, கசையிழை இல்லாத பாக்டீரியா சரியாக ஒட்டவில்லை. கசையிழை முழுதாக இருந்தும் அதைச் சுழற்ற முடியாத ரகமும் ஒட்டத் திணறியது. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. இழை அங்கே இருந்தால் மட்டும் போதாது, நீந்த வேண்டும். அந்த வேகத்தில்தான் பாக்டீரியா பரப்பை எட்டுகிறது.

எட்டிய பிறகு பிடித்துக்கொள்வது முதல்வகை பிலி என்ற மயிர் போன்ற இழைகள். சுமார் 7 நானோமீட்டர் தடிமன், ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளம். நுனியில் உள்ள ஃபிம்ஹெச் புரதம் நம் சிறுநீர்ப்பை செல்களின் மேனோஸ் சர்க்கரையைப் பற்றும். சரி, பிளாஸ்டிக்கில் மேனோஸ் ஏது? ஆனாலும் பிலி இல்லாத ரகம் பிவிசியில் ஒட்டவில்லை. மேனோஸ் போன்ற சர்க்கரையைக் கலந்தாலும் ஒட்டுதல் தடைப்பட்டது. உயிருள்ள செல்லுக்கென்று அமைந்த நுனி உயிரற்ற பொருளிலும் வேலை செய்கிறது என்பது உண்மையிலேயே வியப்பு.

அப்புறம் கர்லி. 1989இல் விவரிக்கப்பட்ட சுருண்ட இழை இது. அல்சைமர் மூளையில் படியும் புரதத்தைப் போல இதுவும் அமிலாய்டு என்று 2002இல் தெரியவந்தது. கர்லியை ஏராளமாகச் சுரக்கும் ரகங்கள் பாலிஸ்டைரீனிலும் கண்ணாடியிலும் ஒட்டுகின்றன, அதுவும் நீந்தாமலே! முதலிரண்டையும்விடக் கர்லியையே நான் பலமானதாக நினைப்பது இதனால்தான். குறை ஒன்று உண்டு: பல ஆய்வக ரகங்கள் 30 டிகிரிக்குக் கீழேதான் கர்லியைச் செய்யும்.

பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுரக்கும் சர்க்கரைப் பசையான கொலானிக் அமில உறையை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். அது இல்லாவிட்டாலும் பாக்டீரியா ஒட்டும். ஒட்டியவை சேர்ந்து உண்டாக்கும் படலம்தான் உயர்ந்து வளராது.

ஆகவே எந்தப் பொருள், எந்த வெப்பம் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. 37 டிகிரி உடலுக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் சிறுநீர் வடிகுழாயில் முதலில் பிலியைச் சந்தேகிப்பேன். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் கர்லியை. அங்கே ஃபிம்ஹெச் நுனியை மட்டும் அடைக்கும் மருந்து பெரிதாக உதவும் என்று நான் நம்பவில்லை.