ஆபீஸ் பெட்டியில் கார்டு சொருகுவதா, 5600ஜி அசெம்பிள் பண்ணுவதா?

கையில் காசு கம்மி, வேலரண்ட், ஜிடிஏ 5 மாதிரி கேம்கள் ஓட வேண்டும் என்றால் வழி இரண்டு. ஆபீஸில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் மாதிரி ஒரு பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு சொருகலாம். இல்லையென்றால் கார்டே இல்லாமல் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசஸர் போட்டுப் புதிதாக அசெம்பிள் பண்ணலாம்.

இன்றைய தேதிக்கு வேகம் என்றால் 1650தான். 5600ஜிக்குள் இருக்கும் வேகா 7 கிராபிக்ஸ் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் பெட்டியைப் பார்த்து எடுக்க வேண்டும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். அதற்குக் கீழே விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது; விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ஆனில் இருக்க வேண்டும்.

பெட்டியில் சிக்கல் வரும் இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. எஸ்எஃப்எஃப் (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்) எனப்படும் ஒல்லியான பெட்டிகளில் அது 200 வாட் சுற்றித்தான் இருக்கும்; கார்டுக்கான 6 பின் வயரே வராது. வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றலாமே என்றால், ஆப்டிபிளெக்ஸ் போர்டில் வழக்கமான 24 பின் பவர் கனெக்டர் கிடையாது. அதனால் 1650-லும் பவர் வயர் கேட்காத, ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுக்கும் மாடலாகப் பார்க்க வேண்டும். ஒல்லிப் பெட்டிக்கு லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டுதான் உள்ளே போகும். அதிலும் தடிமனான கார்டு சில பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸில் இடிக்கும். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். டவர் கிடைத்தால் இந்த இட நெருக்கடி இல்லை.

விலை குறைவென்று ஆர்எக்ஸ் 6400 கார்டு பக்கம் போக வேண்டாம். டேட்டா போய்வர அதற்கு 4 லேன்தான் (பாதை). பழைய பெட்டியின் பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் அதன் வேகம் இன்னும் விழும்.

5600ஜி பக்கம் வந்தால் எல்லாம் ரேமில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமையே பங்குபோட்டுக்கொள்ளும். "இப்போ 16 ஜிபி ஒண்ணு போடுங்க, இன்னொண்ணு அப்புறம் போட்டுக்கலாம்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். இரண்டு ரேம் சேர்ந்து ஓடினால்தான் கிராபிக்ஸுக்கு வேகம் கிடைக்கும். 3200 வேகத்தில் 8 ஜிபி இரண்டு வாங்கி, நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2-லும் 4-லும் மாட்டுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் இப்போதே நல்ல 550 வாட்டாக இருக்கட்டும். பிறகு 132 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 6600 கார்டை, 8 பின் வயரோடு, யோசிக்காமல் மாட்டலாம். ஆபீஸ் பெட்டியில் இது நடக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டு வருஷத்தில் கார்டு வாங்கும் எண்ணம் இருப்பவருக்கு 5600ஜிதான் சரி.

மதுரை வீடுகளில் இன்னொரு வில்லங்கம் இன்வெர்ட்டர். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் உறுமலாம், கரண்ட் போகும் நொடியில் ஆஃப் ஆகலாம். எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடாமல் சைன் வேவ் இன்வெர்ட்டர்தானா என்று பாருங்கள். யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மாடி அறையில் ஒல்லிப் பெட்டி திணறும். புது கேபினட் என்றால் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும்.

2025 கடைசியில் ரேம் விலை ஏறியதிலிருந்து கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. 16 ஜிபி டிடிஆர்4 உள்ளேயே இருக்கும் 8-ஆம் தலைமுறை டவர் கைக்கு வந்தால் விடாதீர்கள். அந்த ரேமைக் கழற்றிப் பின்னால் 5600ஜி உட்காரும் ஏஎம்4 போர்டில் போடலாம். உள்ளங்கை அளவு மைக்ரோ பெட்டியில் இருப்பது லேப்டாப் ரேம், அது சேராது. டவரில் இருக்கும் ரேம் பெரும்பாலும் 2666 வேகமாக இருக்கும். உள்ளே கிராபிக்ஸ் இல்லாமல் தனிக் கார்டு போட்டு ஓட்டும் ரைசன் 5 5600-க்கு அது பரவாயில்லை, 5600ஜிக்குத்தான் அடி விழும்.