பேரிடர் மேலாண்மைக் குழுக்கள்: உங்கள் மாலை நேரத்தை எதற்குக் கொடுக்கலாம்?

வளைகுடா நாடொன்றின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். தொழில்முறைச் சங்கத்தின் பணிக்குழு ஏதாவதொன்றில் சேரட்டுமா? சேர்ந்தால் உருப்படியாக ஏதாவது நடக்குமா?"

அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆலையின் ஒத்திகைகளில் வெளியேறச் சொல்லும் அறிவிப்பு ஆங்கிலத்திலும் அரபியிலும் மட்டும் ஒலிக்கிறது. கீழே வெல்டிங் வேலை பார்ப்பவர்களில் பலருக்குத் தமிழோ வங்காளமோ மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் ஓடுவதைப் பார்த்துத்தான் அவர்களும் ஓடுகிறார்கள். 'எச்சரிக்கை, கேட்பவரின் மொழியில் இருக்க வேண்டும்' என்ற ஒரே ஒரு வரி எங்கேயாவது எழுத்தில் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வரிக்கு எங்கே என்ன நடக்கும் என்று யோசித்தபடியே மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பலரும் முதலில் நினைப்பது அவசரகால மேலாளர்களின் பன்னாட்டுச் சங்கத்தைத்தான். சுருக்கமாக ஐஏஇஎம். 1952இல் அமெரிக்கக் குடிமைப் பாதுகாப்பு மன்றமாகத் தொடங்கி, பெயர்கள் மாறி, இன்று ஆசியா, ஐரோப்பா, ஓசியானியா என்று தனித்தனி மன்றங்களோடு விரிந்திருக்கிறது. உள்ளே நிரந்தரக் குழுக்கள் உண்டு. மருத்துவமனை, பல்கலைக்கழகம், பேரிடரில் குழந்தைகள் என்று ஒரே துறை ஆர்வலர்கள் கூடும் வட்டங்களும் உண்டு. உறுப்பினர் கட்டணம் செலுத்தி, விருப்பம் தெரிவித்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். புதியவரையும் மதித்து உட்கார வைப்பார்கள். இந்தத் துறையில் தனியாளாகத் தவிப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல. பெரும்பாலான நிறுவனங்களில் அவசரகாலத் திட்டம் என்பது ஒரே ஒருவரின் மேசையில்தான் இருக்கிறது. தன்னைப் போன்ற இருபது பேரின் குரலைக் கேட்பதே அவருக்குத் தெம்பு.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சங்கம் வழங்கும் சிஇஎம் (சான்றளிக்கப்பட்ட அவசரகால மேலாளர்) என்ற சான்றிதழுக்கு அனுபவம், பயிற்சி நேரம், தேர்வு, கட்டுரை ஆகியவற்றோடு தொழிலுக்குச் செய்த ஆறு பங்களிப்புகளையும் காட்ட வேண்டும். குழுவில் பணியாற்றுவதும் அதில் ஒன்றாகக் கணக்கில் சேரும். ஏற்பாட்டின் நோக்கம் நல்லதுதான். இருந்தாலும் எந்தச் சங்கமாக இருந்தாலும், புள்ளி கிடைக்கும் இடத்தில் பெயர் கொடுக்க மட்டும் வருபவர்களும் வருவார்கள். நான் ஒரு தொழில்முறைக் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பட்டியலில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். வரைவைத் திறந்து திருத்தியவர்கள் நான்கு பேர். மீதிப்பேர் கூட்டத்தில் "அருமை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வழிகாட்டிக் குறிப்பு கடைசிவரை வெளிவரவில்லை. அந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே சமயம், நாலைந்து பேர் உண்மையாக உட்கார்ந்தால் சின்னக் குழுவும் என்ன செய்யும் என்பதற்குச் சான்று 2007இல் இருக்கிறது. 'அவசரகால மேலாண்மையின் கோட்பாடுகள்' என்று புத்தகங்களும் கட்டுரைகளும் பேசிக்கொண்டே இருந்தன. ஆனால் அவை எவை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியல் எங்கும் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமையின் உயர்கல்வித் திட்டத்தை நடத்திய வெய்ன் பிளான்சார்ட், களப்பணியாளர்களையும் பேராசிரியர்களையும் ஒரு பணிக்குழுவாகக் கூட்டினார். அவர்கள் எட்டுக் கோட்பாடுகளை வகுத்தார்கள். ஐஏஇஎம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அந்த எட்டில் மூன்றைத் தமிழில் சொல்ல முயன்றபோது நான் திணறினேன். அரசின் எல்லா மட்டங்களையும் சமூகத்தையும் ஒரே முயற்சியாகப் பிணைப்பது ஒன்று. மனிதர்களுக்கிடையே நம்பிக்கையை வளர்ப்பது இன்னொன்று. பலரின் செயல்களைக் காலத்தோடு இசைவிப்பது மூன்றாவது. நம் அரசுச் சுற்றறிக்கைகளில் இந்த மூன்றும் 'ஒருங்கிணைப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். ஒரு வட்டம் தமிழுக்காக இந்த வேலையை எடுத்துக்கொண்டால் நானே முதலில் பெயர் கொடுப்பேன்.

தம்பியின் வரி இங்கே என்ன ஆகும்? ஒரு இணையக் கருத்தரங்காகும், செய்திமடலில் ஒரு கட்டுரையாகும். நல்லவர்கள் நால்வர் படித்துத் தங்கள் ஆலையில் மாற்றம் செய்வார்கள். யாரையும் அது கட்டுப்படுத்தாது.

இரண்டாவது வழி, தரநிலை எழுதும் குழு; ஒரு வேலை எப்படி நடக்க வேண்டும் என்று வகுக்கும் ஆவணம்தான் தரநிலை. 1896இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் நூல்கள், அதாவது என்எஃப்பிஏ நூல்கள், வளைகுடாவில் தீப் பாதுகாப்பு வேலை பார்ப்பவர்களுக்கு அன்றாடப் பழக்கம். அதன் 1600ஆம் எண் தரநிலை பேரிடர் மேலாண்மைக்கானது. 1995இல் வெறும் பரிந்துரையாக வந்தது, 2000இல் தரநிலையானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம் 2004இல் அதைத் தனியார் துறைக்குப் பரிந்துரைத்தது. இப்போது அது வேறு இரண்டு தரநிலைகளோடு சேர்ந்து 1660 என்ற எண்ணில் இருக்கிறது.

இங்கே இடம் எளிதில் கிடைக்காது. எந்தத் தரப்பின் பிரதிநிதி நீங்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள்: உற்பத்தியாளரா, பயன்படுத்துபவரா, காப்பீட்டுத் துறையா, தொழிலாளர் தரப்பா, தனி வல்லுநரா. எந்த ஒரு தரப்பும் குழுவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு சொல்லுக்காக வாதாடுகிறார்கள். திருத்தம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். யாரும் "அருமை" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் ஒரு சுற்று முடிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். பயணச் செலவு பெரும்பாலும் உங்களுடையது, அல்லது உங்கள் நிறுவனத்துடையது. நிறுவனம் கொடுத்தால் அதன் நலனும் உங்களோடு வந்து உட்காரும். இணையக் கூட்டமென்றாலும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் பிற்பகல் 2 மணி என்பது இந்திய நேரப்படி இரவு 11:30.

இதை ஈடுசெய்யும் ஒரு கதவு இருக்கிறது. அது தெரியாதவர்களே அதிகம். குழுவில் இடம் இல்லாமலும், சங்கத்தில் உறுப்பினராகாமலும், எவரும் ஒரு திருத்த முன்மொழிவைக் கட்டணமின்றி அனுப்பலாம். குழு அதை எடுத்துப் பார்த்து எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நிராகரித்தாலும் காரணம் பதிவாகும். அடுத்த சுற்றில் அந்தக் காரணத்தோடு நீங்கள் மோதலாம்.

மூன்றாவது, குழு என்ற பெயரே அதிகம் தேவைப்படாத வேலை: பேரிடருக்காக வரைபடம் வரைவது. 2010இல் ஹெய்தி நிலநடுக்கத்துக்குப் பின் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். மனிதநேய ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழு அமைப்பாகப் பதிவானதும் அந்த ஆண்டில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்த வரைபடமும் இதே அடித்தளத்தின் மேல்தான் நின்றது. உட்கார்ந்த முதல் மணி நேரத்திலேயே உங்கள் வேலை கண்ணுக்குத் தெரியும். அனுபவமுள்ள ஒருவர் சரிபார்த்துத் தவறைச் சொல்வார். தம்பியின் வரிக்கு இங்கே இடமில்லை. ஆனால் விவாதத்தில் சலிப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான வேலை எனக்குத் தெரியவில்லை.

பணியில் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகளே ஆனவர், சிஇஎம் எடுக்க எண்ணுபவர், பேசத் துணை தேடுபவர் ஐஏஇஎம் வட்டத்துக்கே போகலாம். சேருமுன் தலைவருக்கு ஒரு கேள்வி எழுதுங்கள்: இந்த ஆண்டு எந்த ஆவணம் கையில் இருக்கிறது, அதன் வரைவு யாரிடம் இருக்கிறது? பெயரோடு பதில் வந்தால் சேருங்கள். பத்தாண்டு அனுபவமும் இரவுக் கூட்டத்துக்குப் பொறுமையும் இருந்தால் தரநிலைக் குழு.

தம்பியிடம் எதிலும் சேர வேண்டாம் என்றேன், இப்போதைக்கு. 1660 தரநிலையை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். எச்சரிக்கை, தகவல் தொடர்பு பற்றிய பகுதியை முழுதும் படிக்கட்டும். மொழி பற்றி அது சொல்வது போதவில்லை என்றால், ஒத்திகையில் கண்டதைச் சான்றாக வைத்து, தன் வரியைத் திருத்த முன்மொழிவாக அனுப்பட்டும். இரண்டு வாரம் கழித்து அழைத்தார். ஒத்திகைக் குறிப்புகளைத் தேதிவாரியாக எடுத்து வைத்துவிட்டாராம். 'கேட்பவரின் மொழி' என்பதா, 'கேட்பவருக்குப் புரியும் மொழி' என்பதா என்று அதற்குள் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதைப் பற்றியே அன்று அரை மணி நேரம் பேசினோம்.