பைஅவுட்டா, பாதிச் சம்பளத்தோடு டிரேடா?

என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணியில் 30 வயது வீரர். ஒப்பந்தம் இன்னும் 2 ஆண்டு, ஆண்டுக்கு 60 லட்சம் டாலர். ஆட்டம் இறங்கிவிட்டது. என்ன செய்வது?

பைஅவுட் (பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிப்பது) செய்தால், 26 வயதைத் தாண்டியவர் என்பதால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 80 லட்சம், கொடுக்க வேண்டும். அது இரு மடங்கு காலத்துக்குப் பரவும்: 4 ஆண்டு, ஆண்டுக்கு 20 லட்சம். முதல் இரண்டு சீசனில் சம்பள உச்சவரம்பில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான எல்லை) 40 லட்சம் இடம் கிடைக்கும். அடுத்த இரண்டில் ஆடாத ஆளுக்கு 20 லட்சம் கணக்கில் நிற்கும்.

டிரேடில் (வேறு அணிக்கு மாற்றிவிடுவதில்) அவர் சம்பளத்தில் அதிகபட்சம் 50 சதவீதத்தை நாமே சுமக்கலாம். ஆண்டுக்கு 30 லட்சம், இரண்டே ஆண்டில் கணக்கு முடிந்தது. ஆனால் வாங்க ஆள் வேண்டும். டிராஃப்ட் பிக் (புது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்றைக் கூடவே தள்ளிவிட வேண்டிவரும். டிரேடுக்குத் தடை போடும் ஷரத்து இருந்தால் வீரரும் சம்மதிக்க வேண்டும். இப்படிச் சுமக்கும் ஒப்பந்தங்கள் ஒரே சமயத்தில் 3-க்கு மேல் கூடாது.

பலர் கோட்டைவிடுவது சைனிங் போனஸில்தான் (ஒப்பந்தத்தில் போனஸாகத் தனியே தரும் தொகை). பைஅவுட் அதைக் குறைக்காது, முழுசாகக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த 60 லட்சத்தில் 50 லட்சம் போனஸ் என்றால், முதல் ஆண்டு உச்சவரம்பில் மிச்சமாவது வெறும் 6.7 லட்சம்தான். அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு, பிக் போனாலும் டிரேடே மேல்.