மிட்சம்மர்: ஸ்கான்செனா, லெக்ஸாண்டா, சிற்றூரா?

ஸ்வீடன்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு நிகராக எதிர்பார்த்துக் காத்திருக்கும் கோடைத் திருவிழா மிட்சம்மர். 1953 முதல், ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமைதான் கொண்டாட்ட நாள். அன்று ஸ்டாக்ஹோமில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். நகரத்து ஆட்களெல்லாம் கிராமத்துக்கோ தீவுக்கோ கிளம்பிவிடுவார்கள். சரி, சொந்தக்காரர் யாரும் இல்லாத வெளியூர்க்காரர் எங்கே போவது?

கையில் ஒரே நாள், கூடவே சின்னக் குழந்தைகள் என்றால் ஸ்டாக்ஹோமிலேயே உள்ள ஸ்கான்சென் போதும். 1891-ல் ஆர்துர் ஹசேலியுஸ் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் இது. நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பூமாலை கட்டலாம், இலையும் பூவும் சுற்றி நட்ட உயரமான மிட்சம்மர் கம்பத்தைச் சுற்றி, தவளைபோலக் குதிக்கும் தவளை ஆட்டம் ஆடலாம். அலைச்சல் கிடையாது. ஆனால் டிக்கெட் வாங்கி நுழைந்து பார்க்கும் திருவிழா, பார்வையாளர்களுக்காக நடப்பதுதான். அந்தக் குறை கடைசிவரை உறுத்தும்.

டாலர்னா மாகாணத்தில் சில்யான் ஏரியின் தென்முனையில் இருக்கும் லெக்ஸாண்டின் கதையே வேறு. ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சம்மில்ஸ்டால் என்ற புல்வெளிப் பள்ளத்தில், மிட்சம்மர் மாலை இருபதாயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். ஒரு காலத்தில் ஊர்மக்களைத் தேவாலயத்துக்கு ஏற்றிச் சென்ற நீண்ட துடுப்புப் படகுகள் வரும். பாரம்பரிய உடையணிந்த வயலின்காரர்கள் வாசித்துக்கொண்டே ஊர்வலமாகப் போவார்கள்.

கம்பம் ஏற்றுவதுதான் உச்சம். கிரேன் எதுவும் கிடையாது. நுனியில் கயிறு போட்டுக் கட்டிய இரட்டைக் கழிகளைக் கத்தரிக்கோல்போல விரித்து, படுத்திருக்கும் கம்பத்துக்கு அடியில் பல இடங்களில் முட்டுக் கொடுப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாக உந்துவார்கள். கம்பம் கொஞ்சம் எழும்பும், நிற்கும். கழியை அடிப்பக்கமாக நகர்த்தி மறுபடி உந்துவார்கள். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அது நிமிர்ந்து நின்றதும் எழும் ஆரவாரத்துக்காகவே ஒருமுறை அங்கே போகலாம். ஆனால் பல மாதம் முன்பே அறை பிடிக்காவிட்டால் தங்க இடம் கிடைப்பது கடினம். அந்தக் கூட்டத்தில் கழியைத் தொடவும் வழியில்லை.

என் ஓட்டு அதே ஏரிக்கரையின் சிற்றூர்களுக்குத்தான். டாலர்னாவில் எல்லா ஊரும் ஒரே நாளில் கம்பம் ஏற்றுவதில்லை. அடுத்தடுத்த நாட்களில், சில ஊர்களில் ஜூலையிலும், நடக்கும். அதனால் லெக்ஸாண்டின் பிரம்மாண்டத்தையும் பார்த்துவிட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒரு சிற்றூருக்கும் போகலாம். அங்கே கம்பத்தில் பிர்ச் மர இலை கட்டுவதும், பூ பறிப்பதும், கம்பம் தூக்குவதும் ஊர்க்காரர்களே. ஆள் குறைவு என்பதால், பக்கத்தில் நின்று கேட்டால் உங்களுக்கும் ஒரு கை வேலை கிடைக்கக்கூடும். அந்தச் சின்ன வட்டத்தில் ஆடத் தெரியாதவர் கையையும் யாராவது பிடித்து இழுத்துக்கொள்வார்கள்.

சாப்பாடு மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஊறவைத்த ஹெர்ரிங் மீன், சோயிக்கீரை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, புளித்த கிரீம், கடைசியில் ஸ்ட்ராபெரி. மீன் தொடாதவர்களுக்கும் அந்தக் கிழங்கும் கிரீமும் வயிறு நிறையப் போதும். தோல் மெலிந்த இளங்கிழங்கு, உரிக்காமலே சாப்பிடலாம்.

ஏரிக்கரைக்குப் போவதாக முடிவெடுத்தால், வெள்ளிக்கிழமைக்கு முன்பே உணவுப்பொருள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு மதுக்கடையும் அன்று மூடியிருக்கும். விடுமுறை நாட்களில் பேருந்து குறைவு, அதனால் கார் இருந்தால் நல்லது. எந்த ஊரில் என்றைக்குக் கம்பம் என்பதை அந்தந்த ஆண்டின் உள்ளூர் சுற்றுலாப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம் அறை பிடியுங்கள்.