வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையமும் டஸ்கீகி பல்கலைக்கழகமும்: ஒரு மதிப்பீடு

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் முடித்த என் அண்ணன் மகளின் மேற்படிப்புக்காக, தஞ்சாவூரில் இயங்கும் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்தை அண்மையில் நாடினோம். மையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. திருச்சியிலும் கும்பகோணத்திலும் இதே தொழிலைச் செய்பவர்களிடம் விசாரித்தபோதும் ஏறத்தாழ இதே பேச்சைத்தான் கேட்டேன். இவர்கள் தரும் சேவையில் இரண்டு பகுதிகள் உள்ளன: எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று சொல்வது ஒன்று, விண்ணப்பத்தையும் விசா வேலைகளையும் முடித்துக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதை அவர்கள் செம்மையாகச் செய்தார்கள்; முதலாவதற்குப் பணம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும்; பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் தந்தையின் முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இந்த வேறுபாட்டை முதல் நாளே கண்டுபிடித்து, இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கச் சொன்ன அந்த அலுவலகப் பெண்ணின் கவனம் பாராட்டத்தக்கது. வங்கி இருப்புச் சான்று முதல் விசா நேர்காணல் பயிற்சி வரை எல்லாம் சொன்ன தேதியில் நடந்தன.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு வருவோம். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பல்கலைக்கழகத்தை எங்கள் பெண்தான் தன் பட்டியலில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். ஆலோசகர் அந்தப் பெயரைப் பார்த்ததும், "அது கறுப்பர்கள் காலேஜ் சார், நம்ம பிள்ளைங்க யாரும் அங்க போறதில்ல" என்றார். "அங்க வெட்னரி இருக்குல்ல சார்?" என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கணினியில் தரவரிசைப் பட்டியலைத் திறந்து சுட்டியை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள துளசேந்திரபுரத்தில், 2021 ஜனவரியில் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது ஊரே கோலம் போட்டுக் கொண்டாடியதை இந்த மாவட்டங்களில் அறியாதவர் இல்லை. அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட பி. வி. கோபாலனின் பேத்தியான அவர், 1986-இல் பட்டம் பெற்றது வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். அதுவும் இதே வகையைச் சேர்ந்ததுதான். தொழிலுக்கு வேண்டிய இந்தச் செய்தியாவது ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

'வரலாற்றுக் கறுப்பினப் பல்கலைக்கழகம்' என்பது 1965-ஆம் ஆண்டின் அமெரிக்க உயர்கல்விச் சட்டம் வரையறுத்த ஒரு வகை. வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்த காலத்தில், அதாவது 1964-க்கு முன், கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்ட நிறுவனங்கள் இவை. இன்று ஏறத்தாழ நூறு இருக்கின்றன. எந்த இனத்தவரும் எந்த நாட்டவரும் சேரலாம்.

மையம் தன் வாடிக்கையாளர்களுக்கு வழவழப்பான தாளில் ஒரு கையேடு தருகிறது. டஸ்கீகிக்கு அதில் அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அரைப்பக்கத்திலும் நிறுவப்பட்ட ஆண்டைத் தவிர வேறெதையும் நம்ப முடியவில்லை. ஆண்டு 1881, நாள் ஜூலை 4. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற தகர வேலைக்காரர் லூயிஸ் ஆடம்ஸும், முன்பு அடிமைகளை வைத்திருந்த ஜார்ஜ் கேம்பெல் என்பவரும் சேர்ந்து முயன்றதில், ஆசிரியர் சம்பளத்துக்காக ஆண்டுக்கு 2,000 டாலரை மாநில அரசு ஒதுக்கியது. நிலத்துக்கோ கட்டடத்துக்கோ அதில் ஒரு காசும் கிடையாது. முதல்வராக வந்த புக்கர் டி. வாஷிங்டனுக்கு அப்போது வயது 25; அவரும் அடிமையாகப் பிறந்தவர். பழைய பண்ணை ஒன்றிலிருந்து 100 ஏக்கரை, நம் கணக்கில் சுமார் 15 வேலியை, கடனில் வாங்கிய பிறகு மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டார்கள். மூன்று சூளைகள் தொடர்ந்து வீணாயின. நான்காவதற்குக் கையில் பணம் இல்லாமல் வாஷிங்டன் தன் கடிகாரத்தை அடகு வைத்தார். சூளை வெந்தது, கடிகாரம் மீட்கப்படவே இல்லை. அந்த வளாகத்தின் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை மாணவர்கள் அறுத்த கல்லால் மாணவர்களே எழுப்பியவை. கையேடு இதைப்பற்றி எழுதியிருக்கும் ஒரே சொல் 'பாரம்பரியமிக்க'.

வேளாண்மை விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றிய வரிகள்தாம் எனக்கு அதிகம் உறுத்தின. அவரை டஸ்கீகியின் முன்னாள் மாணவர் என்றும், வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். கார்வர் படித்தது அயோவாவில். டஸ்கீகிக்கு அவர் 1896-இல் வந்தது வேளாண்மைத் துறைக்குத் தலைமை ஏற்க. வேர்க்கடலைப் பசைக்கு 1884-லேயே கனடா நாட்டவர் ஒருவர் காப்புரிமை பெற்றுவிட்டார். கார்வரின் உண்மையான பணி மண்ணைப் பற்றியது. பருத்தியையே திரும்பத் திரும்பப் போட்டு வலுவிழந்த நிலத்தில் தட்டைப்பயறு, வேர்க்கடலை போன்ற பயறு வகைகளை மாற்றிப் பயிரிடச் சொன்னார். அவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈரம் காயுமுன் உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைக்கும் டெல்டாக்காரர்களுக்கு அதன் பலன் தெரியும். விளைந்த கடலையை என்ன செய்வது என்று உழவர்கள் கேட்டபோது, அதை 105 விதமாகச் சமைக்கும் முறைகளை 1916-இல் ஒரு சிறு வெளியீடாகவே போட்டார். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, 1906-இல், கருவிகளையும் விதைகளையும் ஏற்றிய ஜெசப் வண்டி என்ற நடமாடும் பள்ளியை வடிவமைத்து ஊர் ஊராக அனுப்பிவைத்தார். கோவேறு கழுதைகள் இழுத்த அந்த வண்டியை நடத்திய தாமஸ் கேம்பெல் டஸ்கீகியின் உண்மையான முன்னாள் மாணவர், அந்நாட்டின் முதல் கறுப்பின வேளாண் விரிவாக்க அலுவலர். கையேட்டில் அவர் பெயரைக் காணோம்.

காண வேண்டிய இடங்கள் என்ற தலைப்பின் கீழ், வாஷிங்டன் குடும்பம் வாழ்ந்த 'ஓக்ஸ்' இல்லத்தின் படத்தைப் போட்டு 'நூலகம்' என்று எழுதியிருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர் வடிவமைத்து 1899-இல் எழுந்த வீடு அது. கல்வி நடந்துகொண்டிருக்கும் வளாகத்துக்குள்ளேயே அந்த இல்லமும் கார்வர் அருங்காட்சியகமும் தேசிய வரலாற்றுத் தலமாகப் பராமரிக்கப்படுகின்றன. 1922-இல் நிறுவிய வாஷிங்டன் சிலையும், 1957-இல் எரிந்துபோன பழைய வழிபாட்டுக்கூடத்துக்குப் பதிலாக 1969-இல் பால் ருடால்ஃபின் வடிவமைப்பில் முடிந்த புதிய கூடமும் உண்டு.

கையேட்டின் முன்னாள் மாணவர் பட்டியலில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ரோசா பார்க்ஸும் இருக்கிறார். அவர் டஸ்கீகி ஊரில் 1913-இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்னும்போது இந்தக் கடன் எதற்கு? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டி, தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் கோச்மன், 1975-இல் நான்கு நட்சத்திரத் தளபதியான முதல் கறுப்பினத்தவர் டேனியல் ஜேம்ஸ், பாடகர் லயனல் ரிச்சி ஆகியோர் அங்கே பயின்றவர்கள். நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன் இசை படிக்க 1933-இல் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே நியூயார்க் போனவர். இரண்டாம் உலகப்போரின் கறுப்பினப் போர் விமானிகளான டஸ்கீகி விமானிகள், சுமார் ஆயிரம் பேர், பயிற்சி பெற்றதும் அங்கேதான்.

கசப்பான ஒரு செய்தியையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் தேடினால் முதலில் வருவது அதுதான். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை அந்த வட்டாரத்தில் சிஃபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோயின் போக்கை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையும் அதற்கு இடம் கொடுத்தது. 1997-இல் அதிபர் கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். உயிரியல் அறவியலுக்கான தேசிய மையம் ஒன்று இன்று அதே வளாகத்தில் இயங்குகிறது.

எங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்த செய்திகள் வேறு. 1945-இல் தொடங்கிய டஸ்கீகி கால்நடை மருத்துவக் கல்லூரிதான் அமெரிக்காவின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை உருவாக்கியது. முதுநிலைப் பட்டம் மட்டும் பெற்றால் அங்கே மருத்துவம் பார்க்க உரிமம் கிடைக்காது; வெளிநாட்டுப் பட்டதாரிகள் ஈ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் என்னும் தகுதித் திட்டம் ஒன்றை முடித்து, உரிமத்துக்கான நாவ்லி தேர்விலும் தேற வேண்டும். இந்த இரண்டாவது செய்தி செலவையும் ஆண்டுகளையும் அடியோடு மாற்றக்கூடியது. ஆலோசகர் இதை வாய்திறந்து சொல்லவில்லை; எங்கள் பெண்ணே தேடி எடுத்தாள்.

பிழைகளைக் குறித்துக் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பொறுப்பாளர் மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அந்த மூன்றும் விண்ணப்பப் பிரிவுக்கு உரியவை. போகிறவர்கள் பல்கலைக்கழகத்தைத் தாங்களே முடிவு செய்துகொண்டு போவது நல்லது. படிவ வேலைக்கு மட்டும் தனிக் கட்டணம் இருக்கிறது, ஆனால் நாமாகக் கேட்டால்தான் அந்த ரசீதுப் புத்தகத்தை எடுக்கிறார்கள்.