மிக்-21-க்கு வாங்கிச் சேர்த்த உதிரிகள்: சில வருடம் கழித்துப் பார்த்தால்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படை மிக்-21 போர்விமானத்துக்கு விடை கொடுத்ததிலிருந்து, ‘ஒரு மிக்காவது கட்டி வைக்கணும்’ என்று கிளம்பியவர்கள் நிறைய. அப்படிக் கிளம்பிய நண்பர் ஒருவர் 1/48 கிட் (அசலில் 48-ல் ஒரு பங்கு அளவில் ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல்) வாங்கிவிட்டு, “கூட என்னென்ன சேர்த்து வாங்கணும், ரெசின் காக்பிட் தேவையா?” என்று கேட்டிருந்தார். (ரெசின் என்பது அச்சில் வார்த்து இறுக வைக்கும் பிசின்.) அலமாரியில் இருக்கும் பழைய மிக் ஒன்று ஒட்டு விட்டு ரிப்பேருக்கு வந்த நேரமும் இதுதான். புதிதாகப் பிரித்த பாக்கெட்டைப் பார்த்து எழுதும் விமர்சனங்கள் ஏராளம். ஒட்டி, பெயின்ட் அடித்து, சில கோடைகளைத் தாண்டிய பிறகு இந்தச் சாமான்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான் இங்கே விஷயம். கிட்டைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. செக் கம்பெனி எட்வார்ட் 2011-லிருந்து வெளியிட்டு வரும் 1/48 வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் மகிழ்ச்சியான செய்தி. வாங்கியதிலேயே சின்னது, விலையிலும் கடைசியில் இருப்பது, மூக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ கம்பி (அசலில் காற்றுவேகம் அளக்கும் குழாய்). போலந்தின் மாஸ்டர் மாடல் போன்றவர்கள் பித்தளையில் லேத்தில் கடைந்து தருகிறார்கள். பிளாஸ்டிக் வார்ப்பில் இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு மெல்லிய கம்பி வராது. வந்தாலும் நடுவில் அச்சுக்கோடு ஓடும், அதைச் சுரண்டினால் வட்டம் முட்டையாகிவிடும். சுரண்டாமல் விட்டால் துடைக்கும் துணி மாட்டி முதலில் உடைவது அதுதான். பித்தளைக் கம்பி இத்தனை வருடத்தில் ஒரு இம்மி தொங்கவில்லை. சட்டைக் கை பட்டு ஒருமுறை வளைந்ததை விரலாலேயே நிமிர்த்தியாயிற்று.

பொருத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கெடுவது இங்கேதான். கம்பியின் அடியில் இருக்கும் முளையை வெர்னியரில் அளந்துகொள்ள வேண்டும். அந்த அளவுக்கு 0.1 மி.மீ. கூடுதலான ட்ரில் பிட் எடுக்கலாம், குறைந்ததை எடுக்கக் கூடாது. மூக்கு வளையம் மெல்லியது, இறுக்கித் திணித்தால் விரிசல் விடும். ஊசியால் ஒரு புள்ளி குத்திவிட்டு, கைத் துரப்பணத்தை மெதுவாகச் சுற்றி 5 மி.மீ. ஆழம் இறக்கினால் போதும். துளை போடும் முன்னால் கட்டுவது மிக்-21-ன் எந்த வகை (எஃப்-13, எஃப்.எல்., எம், பிஸ்) என்பதைப் பாருங்கள். எஃப்-13-ல் கம்பி காற்றுவாயின் அடியில் இருக்கும். எஃப்.எல்.-லில் மேலே, நடுக்கோட்டில். எம், பிஸ் இரண்டிலும் மேலேயே, ஆனால் விமானியின் வலப்பக்கம் தள்ளி. பிஸ் என்று எழுதி நடுவில் கம்பி வைத்த மிக்குகளை இணையத்தில் எத்தனையோ பார்க்கலாம். பார்த்ததும் கை துறுதுறுக்கும்.

பெயின்டுக்கு முன் கம்பியை 600 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, உலோகப் பிரைமர் ஒரு பூச்சு. இதைத் தாண்டிப் போனவர்களின் கம்பிகளில் பெயின்ட் தோல் உரிவது போல உரிந்து பித்தளை மினுங்குகிறது. கம்பியில் சிறு காற்றுத்தகடுகள் தனியாக வந்திருந்தால் எல்லா வேலையும் முடிந்த பிறகு ஒட்டுங்கள். முதலிலேயே ஒட்டினால் மாஸ்க்கிங் டேப்போடு போய்விடும்.

காசு செலவழிக்க மனமில்லையா, மருந்துக்கடை ஊசி இருக்கிறது. 26 எண் ஊசி (பழுப்பு நிறத் தலை) வெளிவிட்டம் 0.46 மி.மீ., 21 எண் (பச்சை) 0.82 மி.மீ. முதலாவது இரண்டாவதுக்குள் கச்சிதமாக நுழையும். இரண்டையும் செருகினாலே படிப்படியாக மெலியும் கம்பி கிடைத்துவிட்டது. இடுக்கியால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். மெல்லிய அரத்தின் ஓரத்தால் சுற்றிச் சுற்றி வெட்டுக் கோடு போட்டு முறிக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முறியும் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. 21 எண் ஊசியில் ஒரு துண்டை மூக்குக்குள் நிரந்தரமாகப் பதித்துவிட்டால், கம்பியை வேண்டும்போது செருகி, வெளியே எடுத்துப் போகும்போது கழற்றி வைக்கலாம். கடைக் கம்பி வாங்கினாலும், அதன் முளை 0.5 மி.மீ.க்குள் இருந்தால் இந்த உறை வேலையைச் செய்துகொள்ளலாம்.

இனி ரெசின் காக்பிட். எரிச்சல் ஆரம்பம்.

பார்க்க அழகு என்பதில் சந்தேகமே இல்லை. கேஎம்-1 என்ற விமானி இருக்கையின் மெத்தை மடிப்பு, பக்கச் சுவர்களில் சுவிட்ச் வரிசை, பின்னால் ஓடும் குழாய்கள், எல்லாம் பிளாஸ்டிக்கில் காணாத கூர்மை. சிக்கல் உள்ளே நுழைக்கும்போதுதான். பாலியூரித்தேன் ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்கும். சுவர்கள் வலுவாக இருக்கட்டும் என்று கனமாகவே வார்க்கிறார்கள். மிக்-21-ன் உடல் ஒரு குழாய். அதற்குள் காக்பிட் தொட்டி, அதன் அடியிலேயே முன்சக்கர அறை, முன்னால் காற்றுவாய்க் கூம்பு என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ‘அப்படியே பொருந்தும்’ என்று பெட்டியில் போட்டிருந்த செட்டில் தொட்டியின் தரைக்கும் சக்கர அறையின் கூரைக்கும் நடுவே இடமே இல்லை. தரையை அடியிலிருந்து தேய்த்தால்தான் உடலின் இரண்டு பாதிகளும் மூடும். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது செய்முறைத் தாளில் கிடையாது. அம்புக்குறி ஒன்று மட்டும் இருக்கிறது.

வழி இதுதான். வார்ப்புக் கட்டையை ரேசர் ரம்பத்தால் அறுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் நிற்காது. பிறகு 240 உப்புத்தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, தண்ணீர் விட்டு, எட்டு போடுவது போலத் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். தொட்டியின் பக்கங்களை முடிந்த மட்டும் இழைத்த பிறகுதான் உடலின் உட்சுவரில் கை வைக்க வேண்டும். அதைச் சுரண்டும்போது அடிக்கடி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் கசியத் தொடங்கினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கோடை வெப்பத்தில் அந்த இடம் உள்வாங்கி, வெளியே பெயின்டில் குழியாகத் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு முன்கண்ணாடி உட்காராது. காரணம், கருவிப் பலகையின் மேல்மூடி. அது ரெசினில் பிளாஸ்டிக்கை விடத் தடிப்பாக இருக்கிறது. மேலே கை வைத்தால் நுணுக்கம் போய்விடும், அடியில்தான் இழைக்க வேண்டும். ஒவ்வொரு இழைப்புக்கும் கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு துண்டுக்குப் போகும் நேரத்தில் கிட்டில் வந்த காக்பிட்டைப் பெயின்ட் அடித்து முடித்துவிடலாம். விமானத்தை மூடிய கண்ணாடியோடு கட்டினால் பின்னால் உள்ளது எதுவுமே கண்ணில் படாது. மிக்-21-ன் கண்ணாடி வழியே தெரிவது இருக்கையின் தலைப்பகுதியும் தோள்பட்டை வார்களும்தான்.

அடுத்த எரிச்சல் நாளாகி வருவது. இந்த மிக் ரிப்பேருக்கு வந்ததே அதனால்தான். ரெசினும் பித்தளையும் பிளாஸ்டிக் பசையில் ஒட்டாது, சூப்பர் க்ளூதான் கதி. அது இறுகினால் கண்ணாடி மாதிரி: இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். பாலிஸ்டைரீன் வெப்பத்தில் விரியும் அளவு பித்தளையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மே மாதம் ஒரு பக்கம், ஏசி ஓடும் இரவு ஒரு பக்கம் என்று ஒட்டு தினமும் இழுபடுகிறது. சில வருடத்தில் எட்ச் தகடுகள் (ரசாயனத்தில் அரித்து எடுத்த மெல்லிய பித்தளைப் பாகங்கள்) தானாக உதிர்கின்றன. சக்கர அறைக் கதவுகளின் கீல்கள், வேகத்தடைத் தகடுகளின் உள்சட்டம் என்று ஓரத்தில் மட்டும் ஒட்டியவைதான் முதலில் போகும். தட்டையாக, முழுப் பரப்பும் படும்படி ஒட்டிய எதுவும் விழவில்லை.

ஆகவே எட்ச் தகட்டை ஒட்டும் முன் பின்பக்கத்தை 400 தாளால் சொரசொரப்பாக்குங்கள். பாரம் தாங்கும் இடம், நீட்டிக்கொண்டிருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் இரண்டு குழாய் எபாக்சிதான். மெல்லியதாக ஒரு பல்குத்திக் குச்சி முனை அளவு வைத்தால் போதும். உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டும்போது பழைய பசையின் மேலேயே ஒட்டுவது வீண். பித்தளைத் துண்டை அசிட்டோனில் ஊறப் போட்டால் சுத்தமாகிவிடும். விமானத்தின் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகவே கூடாது, பிளாஸ்டிக் கரைந்துவிடும். அங்கே கத்தி முனையால் சுரண்டுவதுதான் வழி. பாதி விட்டுப் பாதி பிடித்துக்கொண்டிருக்கும் பாகத்தைக் கழற்ற வேண்டுமா, முடிந்தால் அந்தப் பகுதியை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் பசை இன்னும் நொறுங்கும், லேசாகத் தட்டினால் வந்துவிடும். கண்ணாடி மூடியின் பக்கத்தில் சூப்பர் க்ளூ ஆகவே ஆகாது. அதன் ஆவி வெள்ளையாகப் படியும், நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். உள்ளே ஒட்டியவை காற்றில் ஒரு நாள் முழுக்கக் கிடந்த பிறகுதான் மூட வேண்டும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை போதும்.

வெள்ளை உலோகச் (வெள்ளீயக் கலவை) சக்கரக் கால்களைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. ‘உலோகம், ஆகவே உறுதி’ என்ற நினைப்பில் எல்லோரும் வாங்குகிறார்கள். இந்த உலோகம் நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவு மெத்தென்றது. பல செட்டுகள் கிட்டின் பிளாஸ்டிக் காலையே அச்செடுத்து வார்த்தவை, அச்சுக்கோடு உட்பட. கூடுதல் நுணுக்கம் எதுவும் இல்லை. ரெசின் காக்பிட்டின் எடையும் சேர்ந்ததில் கால்கள் மெல்ல அகன்றன. நிமிர்த்தினால் நிமிர்கிறது, மறுபடி அகல்கிறது. பிளாஸ்டிக் கால் அகலாது. உடைந்தாலும் நடுவில் 0.5 மி.மீ. எஃகுக் கம்பி செருகி ஒட்டிவிடலாம். இன்னொன்று: ஈயம் கலந்த வார்ப்பாக இருந்தால், பிளைவுட், எம்.டி.எஃப். பெட்டியில் அடைத்து வைக்காதீர்கள். மரப்பலகையிலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்து அரித்துப்போகும். பழைய கப்பல் மாடல்களுக்கு நேர்ந்த கதி அதுதான். வார்த்த பித்தளை, வெண்கலக் கால் கிடைத்தால் அது வேறு விஷயம்.

மற்றவை சுருக்கமாக. ரெசின் சக்கரங்கள் வாங்கலாம்: நடு ஒட்டுக்கோடு தேய்க்கும் வேலை மிச்சம், சக்கரக் குடத்தின் நுணுக்கமும் நன்றாக இருக்கும். எம், பிஸ் இரண்டுக்கும் பின்சக்கரம் 800 மி.மீ. விட்டம். 1/48-ல் 16.7 மி.மீ. வர வேண்டும், அளந்து பாருங்கள். காற்றிறங்கிய டயர் போலப் பிதுங்கும் சக்கரத்தை ஒதுக்குங்கள், மிக் டயரில் காற்றழுத்தம் அதிகம், அப்படிப் பிதுங்காது. கண்ணாடிக்கான மாஸ்க் செட் (பெயின்ட் படாமல் மறைக்க வெட்டி வரும் ஒட்டுத்தாள்) கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பெயின்ட் முடிந்த வாரமே பிரித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் விட்டால் பசைத் தடம் ஏறிவிடும். இருக்கை வார்களுக்குப் பித்தளைத் தகட்டை விட எச்.ஜி.டபிள்யூ. கம்பெனியின் துணி வார்கள் இயல்பாக விழுகின்றன. பித்தளையே கையில் இருந்தால், பெயின்ட் அச்சிடாத வெறும் தகடாக இருக்கும் பட்சத்தில், தீயில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டி ஆறவிடுங்கள், சொன்னபடி வளையும். கருவிப் பலகைக்கு இப்போது குவின்டா ஸ்டுடியோ போன்றவர்களின் மேடு தெரியும் 3டி டெகால் (ஒட்டுப்படம்) வந்துவிட்டது. அதை கிட் காக்பிட்டிலேயே ஒட்டலாம், இழைப்பு வேலையே இல்லை. வாங்கும் எதிலும் பாக்கெட்டில் எந்த மாடல், எந்த கம்பெனி கிட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பைசன் (இந்தியாவுக்காக மேம்படுத்திய பிஸ்) கட்டப் போகிறவர்களுக்கு முன்கண்ணாடியே வேறு, ஒற்றைத் துண்டு. சாதாரண பிஸ் செட் உதவாது.

ஆக, நண்பருக்குப் பதில். பிட்டோ கம்பி, சக்கரம், மாஸ்க், 3டி டெகால், இருக்கை மட்டும் ரெசினில். முழு ரெசின் தொட்டிக்கும் வெள்ளை உலோகக் காலுக்கும் கொடுக்கும் பணத்தில், தபால் செலவையும் சேர்த்தால், இன்னொரு கிட்டுக்குப் பாதி வழி வந்துவிடும். கணக்குப் பார்த்தால் ரெசின் காக்பிட் தோற்கிறது. மேலே எழுதியதில் ஒரு வரியைக் கூட அடிக்கப் போவதில்லை.

ஆனாலும் அலமாரியில் கண்ணாடி திறந்து நிற்கும் அந்த மிக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும்போது, அந்த நீலப்பச்சைக்குள் தெரியும் சுவிட்ச் வரிசைக்கு ஈடு கிட்டில் கிடையாது. அடுத்த பிஸ்ஸைக் கண்ணாடி திறந்துதான் கட்டப் போகிறேன், அதற்கும் முழுத் தொட்டியே ஆர்டர் போட்டாயிற்று, அதே கம்பெனியில். நீங்கள் மூடிய கண்ணாடி என்றால் வாங்காதீர்கள். பிட்டோ கம்பி மட்டும் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், தபால் செலவு ஒன்றுதான்.